போதும்பொண்ணு என்றொரு பெயர்

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருகைப் பதிவேட்டில் எப்போதாவது எதிர்ப்படும் ஒரு பெயரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். போதும்பொண்ணு என்பது அந்தப் பெயர். மதுரை, தேனி, சிவகங்கை, நம் புதுக்கோட்டை என்று தென்பகுதி மாவட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வடக்கே திருத்தணிப் பக்கத்தில் இதே எண்ணத்தோடு ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. மாணவியின் பெயராக இல்லாவிட்டாலும், தாய் பெயர், பாட்டி பெயர் என்று எழுதும்போது நம் பேனாவுக்கு வந்துவிடும்.

இதன் பின்னணி நமக்குத் தெரியும். அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில், ‘பெண் போதும் சாமி’ என்று கடைசிப் பெண்ணுக்குப் பெயர் சூட்டினால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. சாமிக்குக் கொடுக்கும் விண்ணப்பம் போன்றது அந்தப் பெயர். அதைக் காலமெல்லாம் சுமப்பவள் குழந்தை.

நம் ஊர்களில் குப்பம்மாள், பிச்சையம்மாள் என்ற பெயர்களும் உண்டு. அவற்றை இதோடு சேர்த்துவிடக் கூடாது. முன்பு பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், புதிதாகப் பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அப்படிப் பெயரிட்டார்கள். எமன் கண் படாமல் இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்ற தவிப்பு அது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், ஒன்று பிள்ளை நிலைக்க வேண்டும் என்று வைத்தது. மற்றொன்று இனிப் பெண் வரக் கூடாது என்று வைத்தது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கமல்ல. ஹரியானாவில் ‘பதேரி’ என்று பெண்ணுக்குப் பெயர் வைப்பார்கள். போதும் என்று பொருள். துருக்கியில் ‘யெத்தெர்’ என்ற பெயருக்கும் அதே பொருள்தான். சீனத்தில் ‘சாவ்தி’ என்பது தம்பியை அழைத்து வா என்று பெண்ணிடம் சொல்லும் பெயர். மொழி வேறு, மதம் வேறு, எண்ணம் ஒன்று. சொத்து மகனுக்கு, வரதட்சணைச் சுமை மகளால், கொள்ளி வைக்க மகன் என்ற கணக்குகள் நம் பக்கத்தில் இதற்குக் காரணம். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது. மனக்கணக்கு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 943 பேர்தான்.

சரி, பலிக்காத நம்பிக்கை எப்படித் தலைமுறை தாண்டி நிற்கிறது? இதை நிகழ்தகவுப் பாடத்தில் பிள்ளைகளிடமே கேட்கலாம். நூறு வீடுகளில் இந்தப் பெயரை வைத்து, நூறு வீட்டிலும் மறு குழந்தை பிறந்தது என்று கொள்வோம். ஏறத்தாழ ஐம்பது வீட்டில் ஆண் பிறக்கும். அந்த ஐம்பது வீடும் ‘பேரு பலிச்சிருச்சு’ என்று ஊரெல்லாம் சொல்லும். மீதி ஐம்பது வீடு வாய் திறக்காது. பெயரே வைக்காமல் இருந்தாலும் அந்த ஐம்பது வீட்டில் ஆண்தான் பிறந்திருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அறிவியல் ஆசிரியர்கள் பாலின நிர்ணயத்தை நடத்தும்போது, குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் எக்ஸ், ஒய் குரோமோசோம் என்பதை மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். பெண்ணாகப் பெற்றாள் என்று வசவு வாங்கும் தாய்மார் பலர் நம் மாணவர்களின் வீட்டில் இருக்கிறார்கள்.

என் வகுப்பில் இந்தப் பெயருள்ள ஒரு மாணவி இருந்தாள். அவளுக்கு முந்தைய பெயரை நான் வாசித்ததுமே ‘உள்ளேன் ஐயா’ என்று முந்திக்கொள்வாள். தன் பெயர் வகுப்பில் ஒலிக்காமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி அது. ஒருநாள் தனியாகக் கேட்டபோது, “எங்க அப்பத்தா வச்ச பேரு சார். எனக்கப்புறம் தம்பி பொறந்தான். என் ராசின்னு வீட்ல சொல்வாங்க” என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வீட்டில் பெருமை, வகுப்பில் கூச்சம். ‘உன்னை வேண்டாம் என்று வைத்த பெயர்’ என்று நாம் போய் விளக்கம் சொன்னால், அவளிடம் இருக்கும் அந்தக் கொஞ்சத்தையும் பறித்துவிடுவோம். பெயர் வைத்தவர்கள் அவளைப் பாசமாகவும் வளர்த்திருக்கலாம்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. முதலாவது, பெயரைத் தெளிவாக, மற்றப் பெயர்களைப் போலவே வாசிப்பது. சிரிப்பு எழுந்தால் அன்றே நிறுத்துவது. இரண்டாவது, எழுத்தைச் சரிபார்ப்பது. இந்தப் பெயர் ஓர் ஆவணத்தில் ‘பொண்ணு’, இன்னொன்றில் ‘பொன்னு’, மற்றொன்றில் ‘பெண்’ என்று இருக்கும். பள்ளிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒத்திருந்தால்தான் பின்னாளில் அலைச்சல் இருக்காது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தின் பணமும் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. மூன்றாவது, அவளே வேறு பெயர் வேண்டும் என்று விரும்பினால், பெற்றோரை அழைத்துப் பேசி வழி சொல்வது. பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் இப்படி ஒரு முயற்சி நடந்தது. ‘நகுசா’, அதாவது வேண்டாதவள் என்று பெயரிடப்பட்ட 285 பெண்களுக்கு ஒரே விழாவில் புதுப்பெயர் சூட்டினார்கள். அரசு நிர்வாகமே முன்னின்று நடத்தியது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். இதே பெயரோடு படித்து, வேலைக்குப் போய், தலைநிமிர்ந்து கையெழுத்திட விரும்புகிறவளுக்கும் நாம் துணை நிற்க வேண்டும்.

1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கைநாட்டை விட்டுத் தம் பெயரை எழுதினார்கள். அவர்களின் பேத்திகள்தான் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திகூடத் தன் பெயருக்காகத் தலை குனியாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.