பழைய நிரலில் கை வைக்குமுன்



தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலர் கணினித் துறைக்குப் போயிருக்கிறார்கள். கணினி செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதி வைப்பதற்கு நிரல் என்று பெயர். வேலைக்குச் சேரும் இளைஞருக்குப் பெரும்பாலும் கைக்கு வருவது புதிய நிரல் அன்று. எப்போதோ யாரோ எழுதிய பழைய நிரல்தான். அதைத் திருத்தும்போது கெடுத்துவிடாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசலாம்.

நம் எல்லாருக்கும் தெரிந்த சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளியின் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு, மாதச் சம்பளம் 5000 வெள்ளி வரை 13 விழுக்காடு. அதைத் தாண்டினால் 12 விழுக்காடு. இந்தக் கணக்கைப் போடும் நிரல் ஒன்று, சிக்கு விழுந்த நூல்போலக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் இப்போது அங்கே இல்லை. புதிதாக வந்தவர் அதை ஒழுங்குபடுத்துகிறார். வெளியே வரும் விடை மாறாமல் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் ஒழுங்குசெய்வதைச் சீரமைப்பு என்பார்கள்.

அந்தச் சீரமைப்பில் "5000 வரை" என்பது "5000க்குக் குறைவாக" என்று மாறிப்போனால் என்ன ஆகும்? சரியாக 5000 வெள்ளி வாங்குபவருக்கு 650 வெள்ளி சேர வேண்டிய இடத்தில் 600 வெள்ளிதான் சேரும். மாதம் 50 வெள்ளி, ஆண்டுக்கு 600 வெள்ளி போய்விடும். கணினி ஒரு வார்த்தை சொல்லாது. சம்பளச் சீட்டும் அழகாகவே அச்சாகி வரும்!

இதைத் தடுப்பதுதான் அலகுச் சோதனை. பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவர் வாளியையும் தனித்தனியே சோதித்தால், எந்த வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தெரியும். எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றிய பிறகு சோதித்தால் தெரியுமா? நிரலையும் அப்படியே சிறு சிறு பகுதிகளாகச் சோதிக்க வேண்டும். "இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும்" என்று எழுதி வைத்தால், கணினியே நொடியில் சரிபார்த்துவிடும்.

முதலாவது, கை வைக்குமுன் நிரல் இன்று என்ன விடை தருகிறது என்பதைச் சோதனையாக எழுதிக்கொள்ள வேண்டும். பழைய நிரல்களைக் கையாளுவது பற்றி 2004இல் நூல் எழுதிய மைக்கேல் ஃபெதர்ஸ் இந்த முறையை வலியுறுத்துகிறார். சோதனை இல்லாத நிரலே பழைய நிரல் என்பது அவர் கருத்து. இன்று வரும் விடையே தவறாக இருந்தால்? குறித்து வைத்து, தனியாகத் திருத்த வேண்டும். சீரமைப்பையும் பிழைதிருத்தத்தையும் ஒன்றாகக் கலந்தால், எதனால் விடை மாறியது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, எல்லையில் சோதிக்க வேண்டும். 3000 வெள்ளிக்கு 390 வெள்ளி வருகிறதா என்று மட்டும் பார்த்தால், நாம் சொன்ன பிழை அகப்படாது. சரியாக 5000க்கும், அதற்குச் சற்று மேலும் கேட்டால்தான் அகப்படும்.

மூன்றாவது, விடையைச் சோதிக்க வேண்டும். உள்ளே போகும் வழியை அன்று. எந்த வரிக்குப் பின் எந்த வரி ஓடியது என்று சோதனை கேட்டால், வரிகளை ஒழுங்குசெய்தவுடனே, விடை சரியாக இருந்தும் அது தவறு என்று கத்தும். அப்படி வீணாகக் கத்தும் சோதனையைப் பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள்.

நான்காவது, சோதனையையே சோதிக்க வேண்டும். வேண்டுமென்றே 13ஐ 12 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் எல்லாம் சரி என்று வந்தால், காவல்காரர் தூங்குகிறார் என்று பொருள்.

ஐந்தாவது, ஒரு சிறு மாற்றம், உடனே ஒரு சோதனை. மீண்டும் ஒரு மாற்றம், மீண்டும் சோதனை. பத்து மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், கெடுத்தது எது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

பழைய நிரல் நன்றாகத்தானே ஓடியது, இத்தனை சோதனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதில் ஏரியான் 4இல் நன்றாக ஓடிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த எண்ணைப் போட்டுவைக்கும் இடமோ 32,767 வரைதான் கொள்ளும். எண் அதைத் தாண்டியது. வழிகாட்டும் கருவி நின்றது. புறப்பட்டு 40 விநாடிகூட ஆகுமுன் ராக்கெட் சிதறிப்போனது. புதிய ராக்கெட்டின் பாதைக்குரிய எண்களைக் கொடுத்து அந்தப் பகுதி முன்னதாகச் சோதிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது.

பெற்றோர்களே, "இன்று முழுதும் சோதனைதான் எழுதினேன், ஒரு வரியும் மாற்றவில்லை" என்று உங்கள் மகனோ மகளோ சொன்னால், வேலை நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். யாரோ ஒரு தொழிலாளியின் 50 வெள்ளிக்கு அன்று காவல் போடப்பட்டிருக்கிறது.