திரையில் காணும் நாடும் காலடியில் கிடக்கும் கடலும்



தொலைக்காட்சி நம் வீட்டுக் கூடத்திற்கே நாட்டைக் கொணர்ந்து காட்டுகிறது. 1988-இல் சியாம் பெனகல் இயக்கிய ‘பாரத் ஏக் கோஜ்’ என்னும் தொடர், நேருவின் நூலைத் தழுவி, பாரதத்தின் வரலாற்றை 53 பகுதிகளில் விரித்துரைத்தது. இத்தகைய படங்களின் பயன் யாது? அவற்றைக் கண்டபின் நம் ஊரையும் கூர்ந்து நோக்கக் கற்பதே.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் இதனை அறிவுலகிற்கு அறிவித்தவர் புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். பல கோடி ஆண்டுகட்கு முன் கடல் இங்குப் பரவியிருந்தது. வண்டலில் புதைந்த மரத்தின் நுண்ணறைகளில், நீரில் கரைந்திருந்த சிலிக்கா புகுந்து இறுகிற்று, மரம் கல்லாயிற்று.

அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையும் அக்கடலின் கொடையே. அதனுள் அமோனைட்டு முதலிய கடலுயிர்களின் ஓடுகள் உறைந்துள்ளன. அப்பாறையே சிமெண்டு ஆலைகளுக்கும் மூலப்பொருள். வீடு கட்டச் சிமெண்டு வேண்டும், மெய்தான். ஆனால் அரைபட்டுப்போன சான்றை மீண்டும் படைக்க எவராலும் இயலாது.

எனவே ஓடையோரத்தில் கல்லாகிய சிப்பி ஒன்றைக் கண்டால் அதனைப் பெயர்த்தெடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தையும் பாறை அடுக்கையும் குறித்து, படம் வரைந்து, ஆசிரியரிடம் தெரிவியுங்கள். அடுக்கை விட்டு அகன்ற சிப்பி, பக்கம் கிழிந்த ஏட்டிற்கு ஒப்பாகும்; அதன் காலத்தை எங்ஙனம் கணிப்பது?

இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தையும், பறவைகள் வந்து தங்கும் கரைவெட்டி ஏரியையும் நேரில் சென்று காணுங்கள். படக்கருவி காட்டும், காக்க வேண்டியவர் நீங்களே.