மொழி வகுப்புக்குப் படியளப்பவர் யார்?



உத்திரமேரூர் என்றாலே குடவோலைதான் பேச்சு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் பாடப்புத்தகத்தில் ஏறி, நாடாளுமன்றப் பேச்சு வரைக்கும் போய்விட்டன. அந்தப் புகழில் காலே அரைக்கால் பங்குகூடக் கிடைக்காத இன்னொரு கல்வெட்டு இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் 1060-களில் வெட்டுவித்தது. 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை, அதற்கு மருத்துவர், மருந்துப் பட்டியல் என்று நீளும் அந்தக் கல்வெட்டை மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் விடாமல் குறிப்பிடுவார்கள். அதே கல்வெட்டில் ஒரு பாடசாலையும் இருக்கிறது. வேதத்துக்கும் இலக்கணத்துக்கும் ஆசிரியர்கள். அவர்களுக்கு நெல் இவ்வளவு, காசு இவ்வளவு. மாணவர்களுக்குச் சோறு, இரவில் படிக்க விளக்கெண்ணெய்ச் செலவு, சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய். யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, வருஷம் முழுவதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பாடசாலையில் யார் நுழையலாம், யார் நுழைய முடியாது என்பது தனிக்கதை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கணக்குப் போட்ட முறையைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

அந்தக் கணக்கோடு பார்க்க வேண்டிய இன்றைய பொருள் சீன மொழிக் கல்வி. உத்திரமேரூரில் நின்றுகொண்டு சீனம் பேசுவதா என்று கேட்பவர்கள், விடிகாலையில் வாலாஜாபாத் சாலையில் கொஞ்சநேரம் நின்று பார்க்கலாம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் பாக்ஸ், கண்ணில் பாதித் தூக்கத்தோடு பெண்பிள்ளைகள் ஏறுவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டதிலிருந்து இந்த மாவட்டத்துக் காதுகளுக்குக் கொரிய மொழி புதிதில்லை. ஒரகடத்தில் நிசான் வந்தபிறகு ஜப்பானியமும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரில் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டத் தொடங்கியதும் சீன மொழி வந்து சேர்ந்தது. வல்லம் வடகாலில் அந்தப் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூராட்சியையே மாடி மாடியாக அடுக்கி வைத்ததுபோல.

புது மாடல் வரும்போது லைனை அமைக்க, இயந்திரத்தைச் சரிபார்க்க, சீனாவிலிருந்து பொறியாளர்கள் வருவார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குச் சீனம் தெரியாது. இரண்டு பக்கமும் ஆங்கிலம் அரைகுறை. நடுவில் மொழிபெயர்ப்பாளர், அவர் இல்லாதபோது கைப்பேசிச் செயலி, அதுவும் கைவிட்டால் சைகை. 2025 ஜூலையில் 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அழைத்துக்கொண்டது என்று செய்தி வந்தபோது, கம்பெனி எப்படி ஓடும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். இத்தனை ஆண்டு பக்கத்தில் நின்று வேலை பார்த்தும், அவர்களிடம் நேராகப் பேசித் தொழிலைக் கறந்துகொள்ளத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அரசுகள் சும்மா இருக்கவில்லை, அறிவிப்பு உண்டு. 2010 செப்டம்பரில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சீனம் கற்பிக்கப்படும் என்றார். ஆசிரியருக்கு எங்கே போவது? 2012-ல் சீன அரசின் மொழி நிறுவனமான ஹான்பானோடு ஒப்பந்தம் போட்டு, அங்கிருந்து ஆட்களை வரவழைக்கத் திட்டமிட்டார்கள். வேலூர் வி.ஐ.டி.யில் அதற்கு முன்பே, 2009-ல், அதே ஹான்பான் சார்பில் சீனம் கற்பிக்கும் கன்பூசியஸ் மையம் வந்திருந்தது. 2019-ல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவில் சீன மொழியின் பெயர் இருந்தது. 2020 ஜூன் மாதம் சீன எல்லையிலுள்ள கல்வானில் மோதல். ஜூலை 29 அன்று இறுதிக் கொள்கை வந்தபோது கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யம் எல்லாம் பட்டியலில் இருந்தன, சீனத்தைக் காணோம். அடுத்த சில நாட்களில் கன்பூசியஸ் மையங்களும் மறுபரிசீலனைக்கு வந்தன. பத்தாண்டு முயற்சி ஒரு பட்டியலில் ஏறி, இன்னொரு பட்டியலில் இறங்கிவிட்டது. எல்லையில் நிற்கிறவனின் மொழியைப் படிக்காமல் விடுவதால் யாருக்கு நஷ்டம் என்பதை யோசிக்க அந்தக் கோடைகாலத்தில் யாருக்கும் பொறுமையில்லை.

பகை வந்தால் மொழியைக் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்று நினைத்த நாடுகளும் உண்டு. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், அடுத்த செப்டம்பருக்குள் அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. ரஷ்யத்துக்கும் சீனத்துக்கும் பணம் கொட்டியது. தெற்காசிய மொழிகளுக்கும் அதில் பங்கு உண்டு; சிகாகோவில் ஏ.கே. ராமானுஜன் தமிழ் சொல்லிக்கொடுத்த அந்தக் காலத்தில் அமெரிக்கத் தமிழ் வகுப்புகள் உயிர்பிடித்ததற்கு ஸ்புட்னிக்கும் ஒரு காரணம் என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான். 2006 ஜனவரியில் அதிபர் புஷ், அரபு, சீனம் போன்ற மொழிகளைப் பாலர் வகுப்பிலிருந்தே வளர்க்க இன்னொரு திட்டம் அறிவித்தார். 2007-ல் பள்ளி மாணவர்களுக்கான உயர்நிலைச் சீனத் தேர்வு முதல்முறையாக நடந்தது. 2015 செப்டம்பரில் ஒபாமா, ஷி ஜின்பிங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 2020-க்குள் 10 லட்சம் அமெரிக்கப் பிள்ளைகள் சீனம் படிப்பார்கள் என்றார். 2017-ல் வெளிவந்த கணக்கெடுப்பில் பள்ளிகளில் சீனம் படித்தவர்கள் 2,27,086 பேர். ஸ்பானியம் படித்தவர்கள் 70 லட்சத்துக்கும் மேல்.

பிறகு காற்று திரும்பியது. அமெரிக்காவில் 100-ஐத் தாண்டியிருந்த கன்பூசியஸ் மையங்களில் 2023-ல் எஞ்சியவை ஐந்துக்கும் கீழே. கல்லூரிகளில் 2013-ல் சுமார் 61,000 பேர் படித்த சீனத்தை 2021-ல் சுமார் 46,000 பேர்தான் படித்தார்கள்.

இந்தச் சரிவிலும் யூட்டா மாநிலத்தின் கதை வேறுமாதிரி. அங்கே ஆளுநராக இருந்த ஜான் ஹன்ட்ஸ்மன், இளவயதில் தைவானில் மதப்பணி செய்தபோது சீனம் கற்றவர். அவர் காலத்தில் 2008-ல் மாநிலச் சட்டமன்றமே சட்டம் போட்டு இருமொழி வகுப்புக்குப் பணம் ஒதுக்கியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பாதி நாள் ஆங்கிலத்தில் ஓர் ஆசிரியர், பாதி நாள் சீனத்தில் இன்னோர் ஆசிரியர். கணக்குப் பாடத்தையே சீனத்தில் நடத்துவார்கள். சீனம் தனிப் பாடமாக இல்லாமல் பாடம் நடத்தும் மொழியானது. ஒன்பதாம் வகுப்பில் தேர்வு, அதைத் தாண்டினால் பள்ளியிலேயே பல்கலைக்கழகப் பாடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அடுத்த ஆண்டு எங்கே போகும், அதற்கடுத்த ஆண்டு எங்கே போகும் என்று முன்கூட்டியே படிக்கட்டு கட்டியிருந்தார்கள். ஆசிரியர்கள் பலர் சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தவர்கள் என்பது அதன் பலவீனமும்கூட.

படிக்கட்டு ஏன் இத்தனை நீளம்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் தமிழில் வேலை பார்க்குமளவு தேற 1,100 வகுப்பு மணிநேரம், சீனத்துக்கு 2,200. நம்மூர்ப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பீரியட் ஒதுக்கினால் ஆண்டுக்கு 60 மணிநேரம் தேறலாம். அந்தக் கணக்கில் ஆறாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளைக்குச் சீனம் கைவரும்போது வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். மதிப்பெண்ணுக்காகப் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்துவிட்டு, பாண்டிச்சேரி பீச்சில் பெயர்ப்பலகை படிப்பதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

இனி மறுபக்கம். 1962-ல் இந்தியாவும் சீனாவும் போரிட்டன. அடுத்த ஆண்டு, 1963 ஆகஸ்டில், பெய்ஜிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கு ஆள் வேண்டுமென்று சீனப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். கற்றவர்களுக்குத் தமிழ்ப் பெயரும் வைத்தார்கள். 'கலைமகள்' என்ற பெயரில் தமிழ்நாட்டு நேயர்கள் அறிந்த அறிவிப்பாளர் பிறப்பால் சீனர். தமிழில் பயண நூலும் எழுதியவர். சிற்றலையைத் திருகித் திருகி அந்தக் குரலைப் பிடித்து, நேயர் மன்றம் வைத்து, கடிதம் எழுதி, பதில் வந்த உறையைத் தெருவுக்கே காட்டியவர்கள் இங்கே எத்தனையோ கிராமங்களில் இருந்தார்கள். அது பிரச்சார வானொலிதான், சந்தேகமில்லை. ஆனால் ஆட்சியின் கொள்கை எத்தனையோ முறை மாறியும் தமிழ்ப் பிரிவுக்குச் சம்பளம் நிற்கவில்லை. பழையவர் ஓய்வுபெறும் முன்பே புதியவர் தமிழ் படித்துக்கொண்டிருந்தார்.

காஞ்சிக்கும் சீனத்துக்கும் உறவு பழையது என்று மேடையில் சொல்வது வழக்கம். யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிக்கு வந்ததும், இராசசிம்மப் பல்லவன் 720-ல் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியதும், சீனத்துச் சுவான்சோவில் 1281-ல் சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு எழுதி அடியில் சீன வரி சேர்த்ததும் உண்மைதான். போதிதருமரையும் சேர்த்துக்கொண்டால் கைதட்டல் நிச்சயம். கைதட்டலால் ஓர் ஆசிரியர் பணியிடம் உண்டாகாது என்பதால் அந்தப் பேச்சை இத்தோடு விடலாம்.

தமிழ்நாட்டில் உடனே எழும் கேள்வி இருமொழிக் கொள்கை. 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இதே காஞ்சிபுரத்து அண்ணா. அதே ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சிறப்பு விருந்தினராகப் போய் மாணவர்களோடு பேசியவரும் அவர்தான். எல்லாப் பிள்ளைகள் மீதும் மூன்றாவது மொழியைச் சுமத்தாதே என்பது ஒன்று. விரும்புகிற இளைஞருக்கு, வேலைக்கு உதவுகிற வயதில், ஓர் அயல்மொழியைக் கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்புவதில் பலருக்கு அரசியல் ஆதாயம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சீனம் வைக்க இங்கே அவசியமே இல்லை. பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும்தான் அதற்கான இடம்.

இதற்கு முன்மாதிரி தேடி யூட்டா போக வேண்டாம், சென்னை போதும். ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் ஒன்றுகூடி நடத்தும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், பல பத்தாண்டுகளாக ஜப்பானிய வகுப்பு எடுக்கிறது. என்5-ல் தொடங்கி என்1 வரை படிப்படியாகத் தேர்வு. அதைச் சென்னையிலேயே எழுதலாம். தேறியவரில் சிலர் கம்பெனிக்குப் போகிறார்கள், சிலர் அங்கேயே ஆசிரியராகிறார்கள். நிசான் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது நடந்துகொண்டிருந்ததால்தான், நிசான் வந்தபோது ஜப்பானியம் தெரிந்த தமிழர்கள் கிடைத்தார்கள்.

சீனத்துக்கு அப்படி ஒன்றை இந்த மாவட்டத்தில் தொடங்க இரண்டு ஆசிரியர் போதும். முதலில் வெளியிலிருந்து வரவழைத்தாலும், தேர்ச்சி பெற்ற இரண்டு பிள்ளைகளைத் தைவான் அரசின் ஹுவாயூ உதவித்தொகையிலோ வேறு வழியிலோ அனுப்பி, திரும்பி வந்து குறைந்தது ஐந்தாண்டு கற்பிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். சம்பளம் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வரலாம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கையேந்தும்படி இருந்தால் அடுத்த கல்வானில் நின்றுபோகும். ஒரு தொகையை வைப்பாகப் போட்டு, வட்டியில் நடத்த வேண்டும். இந்தச் சொற்பொழிவை நடத்துகிற அறக்கட்டளைக்கு அந்த வழி நன்றாகத் தெரியும்.

தொடங்கும்போதே தீர்க்க வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. தைவானிலிருந்து வருகிற ஆசிரியர் பழைய முழு எழுத்துகளைக் கற்பிப்பார். லைனுக்கு வருகிற பொறியாளர் சீனப் பெருநிலத்தவர். அவர் எழுதித் தருகிற குறிப்பு எளிதாக்கிய எழுத்துகளில் இருக்கும். கம்பெனியின் தலைமையகமோ தைவானில். பேச்சு இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே முதல் ஆறு மாதம் எழுத்தைக் குறைத்துப் பேச்சுக்கு முதலிடம் தரலாம். பிறகு இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையிலிருந்து எழுத்துப் பாடத்தைத் தொடங்கலாம்.