பாலுக்கு ஏறும் வட்டி

(பால் சப்ளை சங்கக் கூட்டமொன்றில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)

 

நெல் விளைவித்தவன் விலை படியாவிடில் அதனைக் குதிரில் இட்டுக் காத்திருக்கலாம். பால் கறந்தவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நமது ஊர்களின் வெப்பத்தில், காய்ச்சாத பால் கறந்த நான்கைந்து மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே, வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க நேரிடுகிறது. 1946-ஆம் வருஷத்தில், அப்போது பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த கெய்ரா ஜில்லாவின் குடியானவர்கள் கூட்டுறவு யூனியன் கண்டதற்கு இந்நிலைமையும் ஒரு காரணமாகும்.

பாலைக் கெடுப்பவை கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள். கடன் பத்திரம் எழுதி அனுபவப்பட்டவர்களுக்கு இவற்றின் போக்கை விளக்குவது எளிது. இவை வட்டிக்கு வட்டியாகப் பெருகுபவை. அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால், ஒரு கிருமி 5 மணி நேரத்தில் 1,024 ஆகிவிடும். எனவே அசல், வட்டி விகிதம், தவணை ஆகிய மூன்றையும் நாம் குறைத்தல் வேண்டும்.

அசலாவது, கறக்கும்போதே பாலில் சேரும் கிருமிகள். மடியையும் கைகளையும் சுத்த ஜலத்தால் கழுவுங்கள். பாத்திரத்தைக் கொதிநீரால் அலம்பி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மடிவீக்கம் கண்ட பசுவின் பாலைச் சேர்க்கலாகாது.

வட்டி விகிதமாவது உஷ்ணம். 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கிருமிகளின் பெருக்கம் மிகவும் மந்தப்படும். குளிர்பெட்டி இல்லாத இடத்தில், பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். காற்றில் ஈரம் மிகுந்த மழை நாட்களில் இவ்வுபாயம் அவ்வளவாகப் பலிக்காது.

தவணையாவது காலம். கறந்த பால் இயன்றவரை 2 மணி நேரத்திற்குள் சங்கத்திற்கு வந்து சேர வேண்டும்.

வீட்டிற்கு வைத்துக்கொள்ளும் பாலைப் பொங்கக் காய்ச்சி மூடி வையுங்கள். காய்ச்சுவதால் பெரும்பாலான கிருமிகள் மடியும். ஆயினும் வித்துப் போன்ற உருவில் சில தப்பிப் பிழைக்கும். ஆதலால் காய்ச்சிய பாலையும் நாள் முழுதும் வெளியில் வைத்திருத்தல் தகாது. மிஞ்சுவதை ஆறியதும் உறையிடுங்கள். தயிரின் புளிப்பு அநேக தீய கிருமிகளை வளரவொட்டாது. நீர் அற்றுப்போன நெய்யோ மாதக்கணக்கில் நிற்கும்.

இரண்டு தவறான வழக்கங்களை அறவே விலக்க வேண்டும். சோடா உப்பு இட்டால் புளிப்பு மறையுமேயன்றிக் கிருமி மடியாது. அது கலப்படக் குற்றமும் ஆகும். கெட்ட பாலை மறுபடி காய்ச்சினால் நல்லதாகிவிடும் என்பதும் பிழை. சில கிருமிகள் உண்டாக்கிய விஷம் கொதித்தாலும் அழியாது. குழந்தைகளுக்கு அத்தகைய பாலை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

முடிவாக ஒன்று. பழைய நாணய சங்கங்களில் ஒருவர் பட்ட கடனுக்கு எல்லோரும் ஜவாப்தாரிகளாக இருந்தார்கள். பொதுக் கேனும் அத்தன்மையதே. ஒருவர் முந்தின இரவின் பாலைக் காலைப் பாலுடன் கலந்து ஊற்றினால், ஐம்பது வீட்டுப் பாலும் திரும்பி வரக்கூடும். ஆகையால் காரியதரிசி ஒவ்வொருவர் பாலிலும் சிறிதளவு எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்க்கட்டும். திரிந்தால், அது யாருடையதாயினும் கேனில் ஊற்றாது திருப்பிவிட வேண்டும். பஞ்சாயத்தார் வீட்டுப் பாலுக்கும் இதே விதிதான் என்று இன்றே தீர்மானம் நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.