யூனிட் நிதியும் நம் சேமிப்பும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறுகின்றன. படிப்பின் பயனாக இன்று நம் வீடுகள் பலவற்றுக்கு மாதச் சம்பளம் வருகிறது. அச்சம்பளத்தைத் தேடி முகவர்களும் வருகின்றனர். அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்திடுமுன் அறிய வேண்டியவற்றை எடுத்துரைப்பதும் கல்விப் பணியே எனக் கருதுகிறோம். ஆகவே முன்பு யூனிட் டிரஸ்ட் என்றும், இன்று பரஸ்பர நிதி, மியூச்சுவல் ஃபண்ட் என்றும் வழங்கப்பெறும் முதலீட்டைப் பற்றிச் சில கூற விழைகிறோம்.

பலர் இடும் பணத்தை ஒன்றாக்கி, நிறுவனங்களின் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்து, இலாப நட்டத்தை அவரவர் இட்ட அளவின்படி ஏற்கும் முறையே இது. நம் ஊர்ச் சீட்டைப் போல இதுவும் கூட்டுப் பணமே. ஆனால் இறுதியில் எவ்வளவு கைக்கு வரும் என்று இதில் எவரும் உறுதி கூற இயலாது. உறுதி கூறுபவர் ஒன்று அறியாதவர், அல்லது ஏமாற்றுபவர்.

முதலில் விலையைப் பார்ப்போம். 100 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் இட்டால் சேரும் தொகை 1,00,000 ரூபாய். யூனிட் ஒன்று 10 ரூபாய் எனில், மொத்தம் 10,000 யூனிட்டுகள். அச்சொத்து 1,21,000 ரூபாயாக வளர்ந்து, கொடுக்க வேண்டிய செலவு 1,000 ரூபாய் எனக் கொள்வோம். எஞ்சிய 1,20,000 ரூபாயை 10,000 யூனிட்டுகளால் வகுத்தால் 12 ரூபாய் வரும். இதற்கு நிகரச் சொத்து மதிப்பு என்று பெயர். புதிதாகச் சேர்பவர் 12 ரூபாய் கொடுத்துச் சேர்கிறார். விலகுபவர் அதே கணக்கில் பெற்றுச் செல்கிறார். எவர் பங்கும் எவரிடமும் போவதில்லை.

"புதிய திட்டம், யூனிட் 10 ரூபாய்தான், மலிவு" என்று சிலர் விற்பர். இது பொருளற்ற பேச்சு. 1,000 ரூபாய்க்கு 10 ரூபாய் யூனிட்டுகள் 100 வாங்கினாலும், 100 ரூபாய் யூனிட்டுகள் 10 வாங்கினாலும், நமக்குரிய சொத்து 1,000 ரூபாய்தான். அது நூற்றுக்குப் பத்து வளர்ந்தால் இரண்டிலும் 1,100 ரூபாயே கிடைக்கும்.

விலை உண்மையைச் சொல்லாவிட்டால் என்ன நேரும்? இந்திய யூனிட் டிரஸ்ட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1964இல் அது வெளியிட்ட முதல் திட்டம் 'யூனிட் 64'. நடுத்தர மக்களும் ஓய்வு பெற்றோரும் அதனை வங்கி வைப்பைப் போலவே நம்பினர். ஆனால் அதன் விலை சொத்து மதிப்பின்படி அமையவில்லை. நிறுவனமே அறிவித்த விலையாக இருந்தது. உள்ளே சொத்து கரைந்தபோதும் வெளியே விலை உயர்ந்தே நின்றது. 2001 ஜூலையில் யூனிட்டுகளை விற்பதும் திரும்பப் பெறுவதும் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் பெரிய நிறுவனங்கள் தம் பெருந்தொகைகளை எடுத்துக்கொண்டுவிட்டன. பின்னர் அரசு தலையிட்டுக் கைகொடுத்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அந்நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. செய்தி அறிந்தவர் முதலில் வெளியேறினர். அறியாத எளியவர் கடைசியில் நின்றனர் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். எந்தத் துறையிலும் கடைசியில் நிறுத்தப்பட்ட சமுதாயம் நாம். பணத் துறையிலும் அந்த இடத்தை நாமே தேடிச் செல்லலாமா?

அடுத்தது இடர். பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 2008 ஜனவரியில் ஏறத்தாழ 21,000 ஆக இருந்து, அதே ஆண்டு அக்டோபரில் 9,000க்கும் கீழே இறங்கியது. பழைய நிலையை எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. உச்ச விலையில் இட்டு, அந்தக் கீழ்நிலையில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்பட்டவர் பாதிக்கும் மேல் இழந்தே எடுத்திருப்பார். கடன் பத்திர நிதியிலும் இடர் உண்டு. கடன் வாங்கிய நிறுவனம் தவறலாம். வட்டி வீதம் உயர்ந்தால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். 2020 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் தன் 6 கடன் பத்திரத் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. முதலீட்டாளர்கள் தம் பணத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. செபி அமைப்பின் விதிப்படி ஒவ்வொரு திட்டத் தாளிலும் இடர்மானி அச்சிடப்படுகிறது. 2021 முதல் அதில் 6 படிகள் உள்ளன. முள் எப்படியில் நிற்கிறது என்று பாராமல் கையெழுத்திடல் ஆகாது.

மூன்றாவது கட்டணம். நிதியை நடத்தும் செலவுக்கு நமக்குத் தனி ரசீது வருவதில்லை. அது நாள்தோறும் சொத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாததால் சிறிதென்று எண்ணிவிடுகிறோம். 10,000 ரூபாய் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 67,275 ரூபாய் ஆகும். கட்டணத்தில் ஒரு விழுக்காடு கூடி வளர்ச்சி 9 ஆனால், 56,044 ரூபாய்தான். ஒரு விழுக்காடு விழுங்கியது 11,000 ரூபாய்க்கு மேல்! சேரும்போது பிடித்துவந்த கட்டணம் 2009இல் நீக்கப்பட்டது. முகவர் தரகு இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 முதல் உள்ளன. குறித்த காலத்துக்கு முன் விலகினால் பிடித்தம் உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இனி, மாதந்தோறும் முதலிடும் முறை. மாதம் 500 ரூபாய் வீதம் 5 மாதங்கள் இடுகிறோம். யூனிட் விலை முறையே 10, 8, 5, 8, 10 ரூபாய். நமக்குச் சேர்வன 50, 62.5, 100, 62.5, 50, ஆக 325 யூனிட்டுகள். இட்டது 2,500, கடைசி விலையில் மதிப்பு 3,250 ரூபாய். விலை இறங்கிய மாதத்தில் அதே பணத்துக்கு யூனிட் மிகுதியாகக் கிடைத்ததே காரணம். ஆனால் கடைசி விலை 5 ரூபாயாக நின்றுவிட்டால்? 500 ரூபாய்க்கு 100 யூனிட் கிடைத்து, மொத்தம் 375 யூனிட்டுகள் சேரும். மதிப்போ 1,875 ரூபாய்தான். எனவே இம்முறை ஒழுங்கைத் தரும். நட்டமே வராது என்ற காப்பைத் தராது. ஏழு, எட்டு ஆண்டுகளேனும் தொட வேண்டாத பணமே இதற்குரியது.

இளைஞர்களே! வரிசை தவறலாகாது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 ரூபாய். அத்தகைய கடனை வைத்துக்கொண்டு எந்த நிதியில் இட்டாலும் இழப்பே மிஞ்சும். முதலில் கடனைத் தீருங்கள். பின் ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வையுங்கள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் கை வைக்காதீர்கள். அதன் பிறகு எஞ்சுவதே முதலீடு. பணத்தை நிதியின் பெயருக்கே செலுத்துங்கள். எந்தத் தனி மனிதர் கணக்கிலும் இடாதீர்கள். வாரிசுதாரர் பெயரைப் பதியுங்கள். கணக்கு அறிக்கையை வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அறியப் படித்துக் காட்டுங்கள்.

கையெழுத்திடக் கற்றுத்தர நம் முன்னோர் இரவுப் பள்ளிகள் நடத்தினர். கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்கும் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குத் தருவது நம் கடமை. சங்கத்தின் படிப்பகத்தில் மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வளர்க நம் சங்கம்!