அந்தப் பிள்ளைகளுக்கும் நத்தார்தான்

அவைத்தலைவர் அவர்களே, அரிப்பிலிருந்து வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, கொண்டச்சி, சிலாவத்துறைத் தாய்மாரே, தகப்பன்மாரே, பிள்ளைகளே,

நத்தார் நெருங்கினால் இந்தக் கரையெல்லாம் குடில் கட்டுவார்கள், பலகாரம் சுடுவார்கள். சில வீடுகளில் பிள்ளைகளுக்கு வேறு யோசனை. உழைத்த காசு வீடு வந்து சேருமா? நடுச்சாமப் பூசைக்கு அப்பா தள்ளாடாமல் வருவாரா? கோயிலில் சத்தம் போட்டால் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே! மார்கழி பிறந்ததிலிருந்தே மூத்தவளுக்கு இதே நினைப்பு.

அவளைப் பற்றித்தான் பேச வந்தேன். “பொறுப்பான பிள்ளை” என்று அவளை மெச்சுகிறோம். தம்பிக்குச் சோறு தீத்தி, அம்மாவைத் தேற்றி, படலை திறக்கிற சத்தத்திலேயே அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுகிற பிள்ளை. ஐயா, இது மெச்சுகிற காரியமா? பெரியவர்கள் நாங்கள் இறக்கிவைத்துவிட்டுப் போன சுமையை அல்லவா அவள் தூக்கி நிற்கிறாள்! அவளுக்கு அடுத்தவன் அப்பாவின் போத்தலை மணலில் ஊற்றிவிட்டு அடி வாங்குகிறான். கடைக்குட்டியோ, தன் குழப்படியால்தான் அப்பா குடிக்கிறார் என்று நம்புகிறது. மூவரும் ஒரே பாயில் படுக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை தங்களுக்குள் பேசுவதில்லை.

பிள்ளைகளே, பேசுங்கள். அப்பாவின் குடிக்கு நீங்கள் காரணமில்லை. போத்தலை ஒளித்து அதை நிறுத்தவும் உங்களால் முடியாது. குடித்திருக்கிறவரோடு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். சண்டை வந்தால் யார் வீட்டுக்கு ஓடுவது, சின்னவனை யார் கூட்டிப் போவது என்று பகலிலேயே பேசி வையுங்கள். 1929 என்பது சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி இலக்கம். அதை மனப்பாடம் பண்ணுங்கள். இப்படிப் பேசத் தொடங்கிய பிள்ளைகள் முன்பும் உண்டு: 1957இல் கலிபோர்னியாவில், குடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த தகப்பனின் 17 வயது மகன் தன் வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப் பேசவைத்தான். அலட்டீன் என்ற பெயரில் அது நாடு நாடாகப் பரவியது. தொடக்கிவைத்தவன் ஒரு பிள்ளை!

பெரியவர்களே, இதையும் கேளுங்கள். ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். குடிக்கு அடிமையானவர்களின் பிள்ளைகள் 49 பேரை எடுத்து ஆராய்ந்தபோது, 18 வயதில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெரிய சிக்கலின்றி வளர்ந்திருந்தார்கள். கஷ்டத்தில் பிறந்தும் நிமிர்ந்து நின்ற அத்தீவுப் பிள்ளைகளுக்குப் பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ, நம்பிப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்திருக்கிறார்.

அந்த ஒருவர் இங்கே யார்? கொண்டச்சி முஸ்லிம் சகோதரர்களே, “எங்கள் மார்க்கத்தில் குடி விலக்கு, இது எங்கள் கதையில்லை” என்று எழும்பிப் போய்விடாதீர்கள். உங்களுடையது போத்தல் நுழையாத வீடு. சண்டை வந்த இரவில் அரிப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பத்திரமான திண்ணை எங்கே கிடைக்கும்? 1990 ஒக்டோபரில் மூட்டையோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் பிறர் நிலத்தில் பாய் விரித்தவர்கள் நீங்கள். ஒரு பிள்ளைக்குப் பாய் விரித்துக் கொடுப்பதன் அருமையை நானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்?

கடைக்காரரே, தகப்பன் அனுப்பினான் என்று மகனின் கையில் போத்தலைக் கொடுக்கிறீர்களே! 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மதுபானம் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கசிப்புக் காய்ச்சுகிறவருக்குச் சட்டம் சொல்லிப் பயனில்லை. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கட்டும்.

தகப்பன்மாரே, உங்களைத் திட்ட வரவில்லை. “பாலன் பிறப்போடு விட்டேன்” என்று சத்தியம் பண்ணுகிறீர்கள்; உண்மையாகவே பண்ணுகிறீர்கள். ஆனால் நெடுநாள் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நிறுத்துவதற்கு முதலே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926க்கு அழைத்தால் மனநல உதவி கிடைக்கும். தனியாகச் சத்தியம் பண்ணித் தோற்று, அந்த வெட்கத்தில் இன்னும் குடிக்கிற மனிதரை மகள் எத்தனை நத்தாருக்குத்தான் பார்ப்பாள்?

பங்குத்தந்தை அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 24ஆம் திகதி மாலையிலிருந்து பங்கு மண்டபத்தைத் திறந்து வையுங்கள். விளக்கும், தேத்தண்ணியும், முழித்திருக்க நாலு பெரியவர்களும் போதும். எந்த வீட்டுப் பிள்ளை, ஏன் வந்தது என்று யாரும் விசாரிக்க வேண்டாம். மௌலவி அவர்களே, உங்கள் பக்கத்திலிருந்தும் இரண்டு குடும்பம் வேண்டும். முழித்திருக்க வருகிறவர்கள் கூட்டம் கலைய முதல் இந்த மேடையடிக்கு வந்து பெயர் தாருங்கள். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.