பாட்டன் பெயர்

(கினிகத்தேனையில் ஆற்றப்பட்ட உரை)



யூதர் இல்லங்களில் பாஸ்கா இரவன்று வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்கும். எகிப்தில் முன்னோர் அடிமைப்பட்டதையும் மீண்டதையும் பெரியவர்கள் சொல்வார்கள். நாடின்றிச் சிதறிய காலத்திலும் இவ்வழக்கத்தை அவர்கள் கைவிட்டாரில்லை. கொச்சி யூதர் 1950களில் பெருந்தொகையாக இஸ்ரேலில் குடியேறிய பின்னும், அவர்தம் பெண்கள் மலையாளப் பாட்டுக் கொப்பிகளைப் பேணிக் காத்தனர். அதனால் அவர்கள் இஸ்ரேலின் குடிகள் அல்லர் என்று எவரேனும் சொன்னதுண்டோ?

நம்மிடமும் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேட்டது 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். நீ இங்கே பிறந்தது போதாது. உன் தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமைக்குச் சான்று எங்கே என்றது! மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்து, கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையைத் திருத்திய மக்கள் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு எனத் தலையெண்ணிப் பிரித்தது. அண்ணன் இங்கே, தங்கை நீலகிரியில் என்றாயிற்று. எஞ்சிய நாடற்றோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர்.

உரிமைதான் வந்துவிட்டதே, பழங்கதை எதற்கு என்கின்றனர் படித்த இளைஞர் சிலர். பூர்வீக ஊரைச் சொல்லக் கூசுகின்றனர். யாருக்கு அஞ்சி?

வரும் பொங்கலன்று வீட்டுக்கு வீடு பிள்ளை கையில் ஒரு கொப்பி கொடுப்போம். பாட்டன், பூட்டன் பெயர், புறப்பட்ட ஊர், உழைத்த தோட்டம், பிரிந்து சென்ற உறவினர் இன்றிருக்கும் இடம் ஆகியவற்றைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். பாட்டியின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். சட்டம் அவளைப் பற்றிக் கேட்கவேயில்லை.